கிழமைக்காரரின் ஊசி மேஜை

பித்தளைப் பட்டறையில் கிழமைக்காரரிடம் வாய் கொடுக்காத ஆள் கிடையாது. "கிழமை, நான் பொறந்தது என்னிக்கு?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பான். தேதி, மாசம், வருஷம் சொன்னால் போதும். மேஜையில் கிடக்கும் மூடி ஒன்றை எடுத்து இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு. "சனிக்கிழமை. அதான் உங்க அம்மா அன்னிலேர்ந்து தலையில கை வெச்சிட்டு உக்காந்திருக்காங்க" என்பார். கேட்டவனும் சிரிப்பான், கேட்காதவனும் சிரிப்பான். இப்படித்தான் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பெண்டாட்டியைக்கூட அக்கம்பக்கத்தில் கிழமைக்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள்.

பட்டறையில் செய்கிற சாமான் ஒன்றே ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்குகிற திசைகாட்டி. பார்க்கப் பித்தளைச் சிமிழ் மாதிரி இருக்கும். திறந்தால் கண்ணாடிக்குக் கீழே நீலம் பூசிய ஊசி. மூடியில் நூறு வருஷக் காலண்டர். அது காகிதக் காலண்டர் இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழலுகிற இரண்டு வட்டத் தகடு. அடித்தகட்டில் வருஷமும் தேதியும், மேல்தகட்டில் மாதமும் கிழமையும். வருஷத்துக்கு நேரே மாதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் தேதிக்கு நேரே கிழமை தானாக வந்து நிற்கும். லீப் வருஷத்துக்கென்று ஜனவரியையும் பிப்ரவரியையும் இன்னொரு தடவை சிவப்பில் பொறித்திருப்பார்கள். அது தெரியாமல் திருகினால் கல்யாண நாள் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இதற்கெல்லாம் மூலச்சாமான் ஒன்று முதலாளி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருந்தது. எந்தக் காலத்துக் கப்பல்காரன் வைத்திருந்ததோ. வாங்க வருகிறவர்களுக்கு முதலாளி அதைக் காட்டிக் கதை சொல்வார். முதன்முதலில் இந்த வித்தை கடலுக்கே போகவில்லையாம். வீட்டையும் கல்லறையையும் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்று கேட்கத்தான் காந்தக்கல்லை வைத்துப் பார்த்தார்களாம். அப்புறம் யாரோ அந்தக் கல்லில் இரும்பு ஊசியைத் தேய்த்து, தக்கையில் குத்தி, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டான். அது கப்பல்காரன் கைக்குப் போனது. தண்ணீர் போய் ஊசியைத் தாங்குகிற முள் வந்தது, முள்ளுக்குப் பெட்டி வந்தது, பெட்டிக்கு மூடி வந்தது. மூடி சும்மா கிடப்பானேன் என்று காலண்டரையும் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். மாதக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இன்றைக்கு என்ன கிழமை என்பது மறந்துபோகும், இல்லையா? கடைசியில் கப்பலே ஏறாத பெரிய மனிதர்கள் மேஜையில் அழகுக்கு வைத்துக்கொண்டார்கள். பட்டறை செய்வதும் அப்படி மேஜையில் வைக்கத்தான்.

"வழி தெரியாதவனுக்கும் விப்பாரு, போக வேண்டிய இடமே இல்லாதவனுக்கும் விப்பாரு" என்று கிழமைக்காரர் அடிக்குரலில் சொல்வார்.

தகப்பன் செத்த வருஷமே தாய்மாமன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மூடி தேய்க்கிற சக்கரத்தில் உட்காரவைத்துவிட்டார். அங்கேயே மீசை முளைத்து, கல்யாணம் முடிந்து, பிள்ளை இல்லை என்று ஊர்பட்ட பேச்சும் கேட்டு முடித்த பிறகுதான் ஊசி மேஜைக்கு மாறினார். பட்டறையில் அது ஒன்றுதான் உட்கார்ந்து, தூசி படாமல், மரியாதையாகச் செய்கிற வேலை. ஊசியின் நடுக்குழியை முள்முனையில் ஏற்றி வைக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்தில் துளி அரக்கு. சமமாக நின்றால் கண்ணாடி மூடிவிடலாம். பக்கத்து அறையில் தகடு வெட்டுகிற இயந்திரம் இடித்துக்கொண்டே இருப்பதால் அந்த மேஜையில் ஊசிகள் சதா ஆடிக்கொண்டிருக்கும். அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்று அவர் பார்ப்பதில்லை. சமமாக நிற்கிறதா, அவ்வளவுதான். திசை பார்ப்பது முதலாளி. அதுவும் எப்போதாவது ஒன்றிரண்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் மூலச்சாமானுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

கிழமைக்காரருக்கு எதிரே உட்கார்ந்து ஊசிக்குக் காந்தம் ஏற்றியது அவருடைய தங்கை.

கூடப் பிறந்ததில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை வெளியூரில் வேலை என்று போனான். போன இடத்திலேயே வேறு குடும்பமாகிப்போனான். அவன் சித்தப்பா ஒருவர்தான் வந்து, "எங்க பையன் பண்ணினது தப்பும்மா" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். தங்கையையும் அவள் மகளையும் கிழமைக்காரர் தன் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தார். "இவ கை என் கை மாதிரி முதலாளி" என்று சொல்லிப் பட்டறையிலும் சேர்த்தார். அவள் கை உண்மையிலேயே அப்படிப்பட்ட கைதான். காந்தக் கட்டையில் ஊசியை ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். திரும்பும்போது கையைத் தூக்கி, வளைத்து, முதலிலிருந்து வர வேண்டும். முன்னும் பின்னும் உரசினால் ஏறினது இறங்கிவிடும்; மாற்றி இழுத்தால் வடக்கு தெற்காகிவிடும். அவள் தேய்ப்பதைப் பார்த்தால் குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி இருக்கும்.

கிழமைக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தானில். ஊசி முள்ளில் ஏறாமல் நழுவி விழுந்தபோது பயந்துபோனார். அந்த மேஜையை விட்டால் திரும்பச் சக்கரத்துக்குப் போக வயசு இல்லை. வீட்டில் நாலு வாய். யாரிடமும் மூச்சு விடவில்லை. முழங்கையை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் பழகினார்.

பெண்டாட்டியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள்தான் பஸ் நிலையத்து வாசலில் விரித்து விற்கிறவனிடம் வளையல் ஒன்றை வாங்கிவந்தாள்.

"செம்பு வளையல்ங்க. நரம்பை இழுத்துப் பிடிக்குமாம். பஸ்ல எனக்குப் பக்கத்துல உக்காந்த அம்மாவோட நாத்தனாருக்குக் கை கோணிக்கிட்டு இருந்துச்சாம், இதைப் போட்டதும் கோலமே போடுறாங்களாம்."

"அந்த நாத்தனாரை நீ பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்துட்டா நம்புவாங்க? போடுங்க பேசாம."

போட்டுக்கொண்டார். ஊசி மேஜைக்கு இரும்பு ஆகாது. வாசலிலேயே மரத்தட்டு ஒன்று இருக்கும். சாவி, கைக்கடிகாரம், பெல்ட், பெண்கள் என்றால் கொண்டை ஊசி, ஊக்கு, எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செம்புக்கு அந்தத் தடை இல்லை. முழுக்கைச் சட்டைக்குள் வளையலை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நடுக்கம் குறைந்தது. உண்மையிலேயே குறைந்ததா, குறைந்ததாக நினைத்துக்கொண்டாரா, அதைச் சொல்ல இப்போது வழியில்லை. ஊசி முள்ளில் ஏறியது. அவர் பழையபடி பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச காலத்தில் சாமான் திரும்பி வந்தது. பெரிய கடைக்காரர் ஒருவர் கண்ணாடி அலமாரியில் வரிசையாகத் திறந்து வைத்திருக்கிறார். பார்த்தால் ஒவ்வொரு ஊசியும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டார். அழகுச் சாமான்தான், ஆனாலும் வடக்கு ஒன்றுதானே.

முதலாளி கத்துகிற ஆள் இல்லை. அது இன்னும் மோசம். தங்கையைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் உட்கார வைத்து, "தேய்ச்சுக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார். தேய்த்தாள். ஒரு கை ஊசி தேய்த்து அண்ணனிடம் நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாக ஏற்றி, அரக்கு வைத்து, மூடிக்கொடுத்தார். முதலாளி ஜன்னல் விளிம்பில் அடுக்கினார். ஒன்று வாசலைக் காட்டியது, ஒன்று சுவரைக் காட்டியது, ஒன்று எதையும் காட்டாமல் செத்தது போல் கிடந்தது.

"கையில எங்கேயோ மாறுதும்மா. உனக்கே தெரியாம மாறுது."

"நான் சரியாத்தானே முதலாளி இழுத்தேன்? நீங்களும் பாத்தீங்களே..."

"பாத்தேன். ஊசியையும் பாக்கறேனே."

அவள் அண்ணனைப் பார்த்தாள். கிழமைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் மகளை நினைத்து மனசு எங்கேயோ இருக்க, கையை மாற்றுகிறாள் போல என்று அவரும்தான் நினைத்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்று முதலாளி சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைக் கைப்பொத்தான் அறுந்து விழுந்தது. பெண்டாட்டி ஊக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். மணிக்கட்டுப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது அவள் விரலிலிருந்து துள்ளி வளையலில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

"நீ செம்புன்னு சொன்ன."

"செம்புதான். உள்ளே காந்தம் வெச்சிருக்குன்னு அவன் சொன்னானே. ரத்தத்தை இழுத்து விடுமாம். நான் சொல்லலையா?"

"சொல்லலை."

"மறந்துட்டேன் போல. காந்தம்னா இன்னும் நல்லதுதானே?"

பட்டறை வாழ்க்கை முழுக்க வாசல் தட்டில் சாவியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன மனிதர், காந்தத்தையே கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊசியையும் தொட்டிருக்கிறார். தங்கை ஏற்றியதை இவர் இறக்கியிருக்கிறார். நேற்று எல்லார் கண் முன்னாலும்கூட.

சொல்லிவிடுவது என்றுதான் நடந்தார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அதில் மாற்றமில்லை. பட்டறை வாசலுக்கு வந்ததும் முதலாளி கேட்கப்போகிற கேள்வி காதில் விழுந்தது: வளையல் எதுக்குக் கிழமை? அதற்குப் பதில் சொன்னால் மேஜை போனது. வளையலைக் கழற்றிவிட்டால் ஊசி தானாகச் சரியாகிவிடும், சரியானதும் தங்கையைத் திரும்பக் கூப்பிடச் சொல்லலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு வளையலைக் கழற்றி உடைசல் தொட்டியில் போட்டார். மத்தியானத்துக்குள் தொட்டி உருக்குகிற உலைக்குப் போய்விட்டது.

ஊசி சரியானது. தங்கை இடத்தில் உட்கார்ந்தவள் மூடி துடைத்துக்கொண்டிருந்த பெண்; தேய்க்கவே அப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். அவள் தேய்த்த ஊசியெல்லாம் மூலச்சாமானோடு ஒரே பக்கம் பார்த்து நின்றது.

முதலாளி ஜன்னலிலிருந்து திரும்பினார். "பாத்தீங்களா? நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா ஆள் மாறினதும் ஊசி மாறிடுச்சே."

சரியானால் தங்கையைக் கூப்பிடச் சொல்லலாம் என்று வந்தவர் கிழமைக்காரர். சரியானதுதான் இப்போது அவள் கழுத்தை அறுத்தது.

அன்றைக்கே சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தது மூடி துடைத்த அந்தப் பெண்ணின் மாமியார், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில். தங்கை அழவில்லை. பின்னறையில் உட்கார்ந்து காற்றில் கையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பாள், தூக்குவாள், வளைப்பாள், நிறுத்துவாள். "இங்கேயா மாறுது?" என்று மகளைக் கேட்பாள். மகள் கல்லூரிக்குப் போகிறவள், கொஞ்சம் வெடுக்கென்று பேசுவாள். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ தப்புப் பண்ணியிருந்தா பண்ணியிருப்ப. ஒத்துக்கோ, விடு" என்றாள். அதன்பிறகு தங்கை உலை வைக்க அரிசி அளந்தால் இரண்டு தடவை அளந்தாள். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாள். பேருந்து எண்ணைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டாள். தன் கையை நம்பாத மனுஷி வேறு எதைத்தான் நம்புவாள்?

கிழமைக்காரர் ஓடிப் போய்ப் பஸ் நிலையத்தில் தேடினார். விரித்து விற்கிறவன் இருந்த இடத்தில் இன்னொருத்தன் செருப்பு விற்றான். "அவனா? அவன் கடனுக்குப் பயந்து எங்கேயோ போயிட்டான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவள் அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் கழித்துப்போட்ட மூடி ஒன்று.

"அண்ணா, இதைக் கொஞ்சம் திருகிச் சொல்லு. கடைக்காரர் திருப்பி அனுப்பின சாமான் எந்த வாரத்துல செஞ்சதுன்னு பெட்டியில தேதி இருந்துச்சில்ல? அந்த வாரம் எம் மகளுக்குக் காய்ச்சல். டாக்டர் சீட்டுல தேதி இருக்கு, அது திங்களா செவ்வாயான்னு தெரிஞ்சா, அன்னிக்குத்தான் கை மாறியிருக்கும். எந்த நாள்னு தெரிஞ்சா போதும். அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

தன் குற்றத்துக்கு ஒரு கிழமை வேண்டும் என்று கேட்டாள். அதை அவரிடமே கேட்டாள்.

அவர் மூடியை வாங்கினார். அந்த வாரத்து வியாழக்கிழமை பெண்டாட்டி வளையலோடு வந்தது அவருக்குத் திருகாமலே தெரியும். வருஷத்தைத் தேடினார். விரல் நிற்கவில்லை. மாதம் வருஷத்தைத் தாண்டி ஓடியது, திரும்பி வந்தது, திரும்பத் தாண்டியது. கடைசியில், "செவ்வாய்" என்றார்.

"செவ்வாய்" என்று அவளும் சொன்னாள். மூடியை வாங்கிக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் முழுக்க அவள் அந்தச் செவ்வாயில் தான் என்ன சமைத்தோம், யாரோடு பேசினோம் என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. பெண்டாட்டி எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல், "போய்ச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள்.

திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். வளையல், காந்தம், ஊக்கு, தொட்டி.

முதலாளி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். முதலாளியின் கண் கலங்கியிருந்தது. "உங்களை மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைப்பான் கிழமை? தங்கச்சிக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க."

"முதலாளி, நிஜமாச் சொல்றேன்."

"வளையல் எங்கே?"

"உலைக்குப் போயிடுச்சு."

"வித்தவன்?"

"ஓடிட்டான்."

"யாரு பாத்தா?"

"என் வீட்ல..."

முதலாளி லேசாகச் சிரித்தார். "விடுங்க. நல்ல மனசு உங்களுக்கு."

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிழமைக்காரர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். எவ்வளவோ காலம் முழங்கைக்குக் கீழே அழுத்தி மறைத்தது காற்றடித்த இலை மாதிரி முதலாளி கண் முன்னால் ஆடியது. "இதுக்குத்தான் போட்டேன்."

முதலாளி அந்தக் கையையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அவருக்கு வளையல் தெரியவில்லை. நடுக்கம் மட்டும் தெரிந்தது. "இவ்வளவு இருக்கா?" என்றார். "இந்தக் கையோட ஊசி மேஜையில எப்படிக் கிழமை? உடம்பைப் பாருங்க முதல்ல" என்றார். தங்கையைப் பற்றி இவர் மறுபடி பேச்செடுத்தபோது, "அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு" என்று கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசல் தட்டிலிருந்து சாவியை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. தங்கை இடத்துக்கு வந்த பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தவர் நேரே பின்னறை வாசலில் போய் நின்றார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். சொல்லச் சொல்ல அவள் கை மடிப்பை விட்டது.

"அப்போ செவ்வாய்க்கிழமை?"

"பொய்."

"நான் சரியாத்தான் தேய்ச்சேனா?"

"சரியாத்தான் தேய்ச்ச."

"எல்லாமே?"

"எல்லாமே. நான்தான் கெடுத்தேன்."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "உன் கை ஆடறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எதிர்ல உக்காந்திருக்கறவளுக்குத் தெரியாதா? நீ எடுக்கறதுக்கு வசதியா ஒவ்வொரு ஊசியையும் முனை உன் பக்கம் பாத்து நிமித்தி வெச்சது யாருன்னு நினைச்ச? எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு வேலையையும் நானே பாத்திருப்பேனே, அண்ணா. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாரு. மேஜையும் போச்சு."

"முதலாளி நம்பினா என்ன, நம்பாட்டி என்ன" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். நம்பாவிட்டால் என்ன என்பது அவளுக்கும் தெரியும். நாலு வாய்க்கு இனி பட்டறையில் ஒரு கைகூட இல்லை. பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். மகள் புத்தகத்தை மூடாமல், விரலை நடுவில் வைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"என்னம்மா?"

"மாமா ஏதோ சொல்லணுமாம். கேளு." அண்ணன் பக்கம் திரும்பினாள். "எனக்குச் சொன்னது போதும். இவகிட்ட சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு. கையில ஆரம்பிச்சதிலேர்ந்து சொல்லு. நடுவுல எதையும் விடாத."

அந்தப் பெண் மாமாவை உட்காரச் சொல்லவில்லை. கிழமைக்காரர் நின்ற இடத்திலிருந்தே, தன்னை நாளெல்லாம் கேலி பேசுகிற அந்தச் சின்னப் பெண்ணின் கண்ணைப் பார்த்து, "முதல்ல டீ கிளாஸ்லதான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்தார்.